டிஹெச்சிபி சர்வரை மாற்றுமுன் பழைய கணக்கை வாங்கிக்கொள்ளுங்கள்

ஐஎஸ்சி டிஹெச்சிபி என்ற மென்பொருளுக்கு இனிமேல் பராமரிப்பு இல்லை என்று, அதை இத்தனை வருடமாகக் கொடுத்துவந்த இன்டர்நெட் சிஸ்டம்ஸ் கன்சார்ட்டியம் 2022 அக்டோபரில் கைவிரித்துவிட்டது. 4.4 வரிசையில் 4.4.3-பி1 தான் கடைசி வெளியீடு. அதற்குப் பதிலாக அவர்களே 'கீயா' என்று இன்னொன்றை வைத்திருக்கிறார்கள், அதற்கு மாறிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். சொல்வது எளிது. தஞ்சாவூரையும் அதைச் சுற்றியிருக்கிற ஊர்களையும் வைத்து நெட்வொர்க் வேலை பார்க்கிற என்னைப் போன்றவர்களுக்கு, கொஞ்ச காலமாக இந்த மாற்றம்தான் பெரிய வேலையாக இருக்கிறது. அரிசி ஆலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை, திருமண மண்டபம் என்று எங்கே போனாலும் ஒரு மூலையில் லினக்ஸ் பெட்டி ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். பத்து வருடத்துக்கு முன்னால் யாரோ வைத்துவிட்டுப் போனது. அதற்குள் இந்த டிஹெச்சிபி.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்காக இரண்டு வரி. கணினி, கைபேசி, கேமரா, பிரிண்டர் எதுவானாலும் நெட்வொர்க்கில் பேச ஒரு ஐபி முகவரி வேண்டும். சாதனம் இயங்கத் தொடங்கியதும் யாரிடம் கேட்பது என்று அதற்குத் தெரியாது. அதனால் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுக்கும். டிஹெச்சிபி சர்வர் அதைக் கேட்டு, "இந்தா, 192.168.1.50, இவ்வளவு நேரத்துக்கு உனக்கு" என்று பதில் சொல்லும். அந்த நேரக் கணக்குக்குத்தான் லீஸ் என்று பெயர். பாதி நேரம் ஆனதும் சாதனம் திரும்ப வந்து நீட்டித்துக்கொள்ளும். இதற்கான விதிகளை ரால்ஃப் ட்ரோம்ஸ் எழுதினார்; 1993இல் முதல் வடிவம், 1997 மார்ச்சில் ஆர்எஃப்சி 2131 என்ற ஆவணம். இன்றைக்கும் அதுதான் அடிப்படை.

விதி ஒன்றுதானே, பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதியதை வைத்தால் எல்லாம் தானாக ஓட வேண்டியதுதானே? அப்படித்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஓடுவதில்லை. விதியில் எழுதியிருப்பது பாதிதான். மீதிப் பாதி, அந்தப் பழைய சர்வருக்கும் அதோடு பழகிய பழைய சாதனங்களுக்கும் நடுவில் வருடக்கணக்கில் ஏற்பட்டுப்போன நடைமுறை. அது எந்த ஆவணத்திலும் இல்லை. சர்வரைப் பிடுங்கும்போது அந்த நடைமுறையும் சேர்ந்து போய்விடுகிறது.

எங்கள் பக்கத்தில் இதை நிலத்தை வைத்துச் சொன்னால் உடனே புரியும். காவிரிப் படுகையில் பல தலைமுறையாக வாய்மொழிக் குத்தகை. எந்த வயலை யார் உழுகிறார் என்பது ஊருக்கே தெரியும், ஏட்டில் இருக்காது. 1952இல் தஞ்சாவூர்க் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1955இல் மாநிலம் முழுமைக்குமான பாதுகாப்புச் சட்டம் வந்தது. இருந்தும் "நான்தான் குத்தகைதாரர்" என்று காட்டக் கையில் சீட்டு இல்லாதவர்கள் திண்டாடினார்கள். 1969இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுக்கென்றே தனிச் சட்டம் போட வேண்டியிருந்தது. பதிவேடு இல்லாமல் நிலம் கைமாறினால், புதிதாக வந்தவர் கண்ணுக்கு எல்லா வயலும் காலியாகத்தான் தெரியும். புதிய டிஹெச்சிபி சர்வரின் நிலையும் அதுதான். அமைப்புக் கோப்பைக் கொடுத்திருப்போம். யாரிடம் எந்த முகவரி இருக்கிறது என்ற கணக்கைக் கொடுத்திருக்க மாட்டோம்.

அந்தக் கணக்கு பழைய சர்வரில் டிஹெச்சிபிடி.லீஸஸ் என்ற சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கிறது. திறந்து படிக்கலாம். முகவரி, தொடங்கிய நேரம், முடியும் நேரம், சாதனத்தின் வன்பொருள் அடையாளமான மேக் முகவரி, அது தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட பெயர் எல்லாம் அடைப்புக்குறிகளுக்குள் வரிசையாக இருக்கும். கீயாவில் அதே கணக்கு காற்புள்ளி போட்டுப் பிரித்த சிஎஸ்வி கோப்பு. பழையதில் நேரம் தேதியாக எழுதப்பட்டிருக்கும், அதுவும் உலக நேரத்தில். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். புதியதில் 1970 தொடக்கத்திலிருந்து எத்தனை விநாடி என்ற எண். தவிர ஒவ்வொரு லீஸும் எந்த சப்நெட்டை, அதாவது நெட்வொர்க்கின் எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்ற எண்ணும் கீயாவுக்கு வேண்டும். அந்த எண்ணை நாமே நிலையாகக் கொடுத்துவிட வேண்டும். பின்னால் ஒரு சப்நெட்டைச் சேர்க்கும்போதோ நீக்கும்போதோ எண் மாறினால் பழைய லீஸ்கள் எல்லாம் அநாதையாகிவிடும். ஒரு சின்ன பைத்தான் நிரல் எழுதினால் இந்த மாற்றத்தைச் செய்துவிடலாம். பெரிய வேலை இல்லை. பெரும்பாலானோர் செய்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

செய்யாவிட்டால் என்ன ஆகும்? சர்வர் 50ஆம் முகவரியை ஒருவருக்குக் கொடுக்கும். அது ஏற்கெனவே இன்னொருவரிடம் இருக்கும். பழைய சர்வர் நிரலான டிஹெச்சிபிடி, முகவரியைக் கொடுக்குமுன் ஒரு பிங் அனுப்பிப் பார்க்கும். யாராவது பதில் சொன்னால் அதை விட்டுவிட்டு அடுத்ததை எடுக்கும். அது கேட்காமலே கிடைத்த பாதுகாப்பு. கீயாவில் நெடுங்காலம் அது கிடையாது, பிறகு தனி நூலகமாக வந்தது, நாமாக இணைத்தால்தான் வேலை செய்யும். இணைத்தாலும் திரை அணைந்து தூங்குகிற கைபேசி பல நேரம் பிங்குக்குப் பதில் சொல்லாது. ஆக, கணக்கைக் கொண்டுபோவதுதான் உருப்படியான வழி.

இனி நான் அதிகம் சொல்ல விரும்புகிற விஷயம். இது எங்கள் ஊர் மின்சாரத்தோடு சம்பந்தப்பட்டது.

பழைய டிஹெச்சிபிடிக்கு ஞாபகம் அதிகம். ஒரு சாதனத்தின் லீஸ் முடிந்துபோனாலும் அந்தப் பதிவை அது கிழித்துப்போடாது. வேறு யாருக்கும் அந்த முகவரி தேவைப்படாத வரையில், பழைய ஆள் ஒரு மாதம் கழித்து வந்தாலும் அதே முகவரியைக் கொடுக்கும். இதனால் நம் ஊர் அலுவலகங்களில் என்ன பழக்கம் வந்துவிட்டது என்றால், யாரும் முகவரியை நிலையாக ஒதுக்கிவைப்பதில்லை. சிசிடிவி போடுகிற தம்பி வருவார், கேமராவை மாட்டுவார், அது 192.168.1.87 வாங்கும், அதை அப்படியே, காட்சிகளைப் பதிவுசெய்கிற என்விஆர் பெட்டியில் தட்டிவிட்டுப் போய்விடுவார். ஏழெட்டு வருடம் அது 87ஆகவே இருக்கும். எல்லோரும் அதை நிலையான முகவரி என்றே நம்பிவிடுவார்கள்.

கீயாவின் இயல்பு வேறு. எதையும் மாற்றாமல் விட்டால் அதன் லீஸ் 7200 விநாடி, அதாவது இரண்டு மணி நேரம். பழைய டிஹெச்சிபிடியின் இயல்பு 12 மணி நேரம். லீஸ் முடிந்தபின் கீயா அந்தப் பதிவை மீட்டுக்கொள்ளும். மீட்ட பதிவை 3600 விநாடி, ஒரு மணி நேரம், வைத்திருக்கும். அதன் பிறகு அழித்துவிடும். லட்சக்கணக்கான இணைப்புகளை வைத்திருக்கிற இணையச் சேவை நிறுவனத்துக்கு இது சரியான ஏற்பாடு. தேவையற்ற பதிவுகள் தேங்காது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கரண்ட் மூன்று மணி நேரம் இல்லையென்றால், கேமராக்கள் அணைந்து கிடக்கும்; யுபிஎஸ்ஸில் ஓடுகிற சர்வரோ அவற்றை மறந்துவிட்டிருக்கும். கரண்ட் வந்ததும் எல்லாக் கேமராக்களும் ஒரே நேரத்தில் கேட்கும். தன் பழைய முகவரியை ஞாபகம் வைத்துக் கேட்கிற சாதனம் பிழைத்துக்கொள்ளும், அந்த முகவரி காலியாக இருந்தால் கீயா அதையே கொடுக்கும். மலிவான கேமராக்கள் பல, அணைத்துப் போட்டதும் எல்லாவற்றையும் மறந்துவிடுபவை. அவை வந்த வரிசையில் புது முகவரி வாங்கும். நெல் இறங்குகிற களத்தைக் காட்ட வேண்டிய திரையில் குடோன் தெரியும், குடோன் திரையில் ஒன்றுமே தெரியாது.

மூன்று மணி நேர மின்வெட்டு இங்கே அதிசயமா? மாதப் பராமரிப்புக்கென்று அறிவித்து நிறுத்துகிற நாளிலேயே காலை ஒன்பது மணிக்குப் போனால் மாலைதான் வரும். காற்றுக்காலத்தில் இன்னும் மோசம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வரைக்கும் தென்னையையும் மின்கம்பத்தையும் சேர்த்துச் சாய்த்தபோது, உள்கிராமங்களுக்கு மின்சாரம் வரப் பல வாரம் ஆனது. எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிற அறையில், ஜெனரேட்டருக்கு ஜெனரேட்டர் வைத்து ஓடுகிற இடத்தை மனதில் வைத்து எழுதிய இயல்பு மதிப்புகளை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஒரு மணி நேர ஞாபகத்தை ஒரு மாதமாக உயர்த்திவிடலாம். கீயாவின் கையேட்டிலேயே இதற்குத் தனிப் பகுதி இருக்கிறது. ஒரு வரி மாற்றம்தான். அதோடு, கேமரா, பிரிண்டர், கைரேகை இயந்திரம் எல்லாவற்றுக்கும் மேக் முகவரியை வைத்து நிலையான ஒதுக்கீடு எழுதிவிடுங்கள். பத்து வருடம் தள்ளிப்போட்ட வேலை, மாற்றத்தின்போதாவது நடக்கட்டும்.

மின்சாரத்தால் வருகிற இன்னொரு சிக்கல் இதைவிடப் பொல்லாதது. கரண்ட் வருகிறது, சர்வரும் ஸ்விட்சும் ஒன்றாக உயிர்பெறுகின்றன. இப்போதைய சர்வர்களில் எஸ்எஸ்டி இருப்பதால் சட்டென்று எழுந்துவிடும். ஸ்விட்ச் எழுந்து போர்ட்டைத் திறக்க அதைவிட நேரம் எடுக்கும். கீயா தொடங்குகிற கணத்தில் நெட்வொர்க் கார்டில் இணைப்பு இல்லை. "இந்த இடைமுகம் ஓடவில்லை" என்று பதிவில் ஓர் எச்சரிக்கை எழுதிவிட்டு, அதில் காது கொடுக்காமலே கீயா இயங்கத் தொடங்கிவிடும். பிறகு ஸ்விட்ச் வந்தாலும் திரும்பிப் பார்க்காது. சேவை ஓடுகிறதா என்று கேட்டால் ஓடுகிறது என்று பச்சையாகக் காட்டும். எந்தச் சாதனத்துக்கும் முகவரி கிடைக்காது. விண்டோஸ் கணினிகள் 169.254 என்று தொடங்குகிற முகவரியைத் தாமே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். "நெட் இல்லை" என்று போன் வரும். சர்வரை ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும், ஏனென்றால் இந்த முறை ஸ்விட்ச் தயாராக இருக்கிறது. அதனால் காரணம் யாருக்கும் பிடிபடாது. ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் திரும்ப வரும்.

இதற்கும் கீயாவிலேயே மருந்து இருக்கிறது. இடைமுகத்தைத் திறக்க முடியாவிட்டால் எத்தனை முறை திரும்ப முயல வேண்டும், ஒவ்வொரு முறைக்கும் எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று இரண்டு மதிப்புகள். முதலாவதன் இயல்பு மதிப்பு பூஜ்யம். அதாவது முயலவே முயலாது. அதை மாற்றுங்கள். அப்படியே, அந்த ஸ்விட்சையும் யுபிஎஸ்ஸில் சேர்க்க முடியுமா என்று ஆலைக்காரரிடம் கேளுங்கள். உமித்தூசி அடைத்துக் கிடக்கிற ஸ்விட்சைத் துடைக்கவும் அது ஒரு சந்தர்ப்பம்.

பாபநாசம் பக்கம் ஓர் ஆலையில் நடந்ததைச் சொல்கிறேன். சர்வரை மாற்றிய மறுநாள் காலை கணக்கப்பிள்ளை கூப்பிட்டார்.

"தம்பி, எல்லாம் நல்லாத்தான் ஓடுது. எடை மேடைல சீட்டு மட்டும் வரமாட்டேங்குது. லாரி நிக்குது."

"கம்ப்யூட்டர்ல நெட் வருதுங்களா அண்ணே?"

"அதெல்லாம் வருது. பிரிண்டர்தான் செத்துப்போச்சு. அதுல கைய வைக்கலேன்னு ஆபரேட்டர் சத்தியம் பண்றான்."

ஆபரேட்டர் சொன்னது உண்மை. எடை மேடை அறையில் இருந்தது பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். அதை நெட்வொர்க்கில் சேர்க்கக் கைப்பிடி அளவில் ஒரு பிரிண்ட் சர்வர் பெட்டி. சர்வரில், பொட்டலங்களைப் பிடித்துக் காட்டுகிற டிசிபிடம்ப் கருவியை ஓட்டிப் பார்த்தால், அந்தப் பெட்டி விடாமல் முகவரி கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஆனால் கேட்கிற மொழி டிஹெச்சிபி இல்லை, பூட்பி. டிஹெச்சிபிக்கு முந்தைய தலைமுறை, 1985 செப்டம்பரில் பில் கிராஃப்ட்டும் ஜான் கில்மோரும் எழுதிய ஆர்எஃப்சி 951. இரண்டும் ஒரே போர்ட்டில், ஒரே வடிவப் பொட்டலத்தில் வரும். வித்தியாசம், பூட்பி பொட்டலத்தில் "இது என்ன வகைச் செய்தி" என்று சொல்கிற 53ஆம் ஆப்ஷன் இருக்காது. லீஸ் என்கிற கருத்தே அதில் கிடையாது. கொடுத்தது கொடுத்ததுதான்.

பழைய டிஹெச்சிபிடி இரண்டு மொழியும் பேசும். நிலையான முகவரி எழுதிவைத்திருந்தால் பூட்பியில் கேட்டாலும் கொடுத்துவிடும், தனியாக எதையும் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தான் அந்தப் பெட்டி பூட்பி பேசுகிறது என்பதே ஆலையில் யாருக்கும் தெரியவில்லை. கீயா 53ஆம் ஆப்ஷன் இல்லாத பொட்டலத்தைக் கீழே போட்டுவிடும். பூட்பிக்கென்று தனி ஹூக், அதாவது கீயாவோடு நாமாக இணைக்கிற நூலகம், உண்டு. அதை இணைத்துவிட்டு, அந்தப் பெட்டிக்கு ஓர் ஒதுக்கீடும் எழுதியதும் சீட்டு வந்தது. லாரிகள் நகர்ந்தன. அந்தப் பெட்டியை மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மாற்ற மாட்டார்கள் என்று தெரியும். அது வேலை செய்கிறதே. எடைச் சீட்டுதான் விவசாயிக்கும் ஆலைக்கும் நடுவில் பணம். அதை நம்பி நிற்கிற இடத்தில், ஓடுகிற பொருளை மாற்றச் சொல்வதற்கு நமக்கும் தயக்கம் இருக்க வேண்டும்.

இதே மாதிரி, கண்ணுக்கே தெரியாத இன்னொரு வித்தியாசம் 61ஆம் ஆப்ஷன். சாதனம் தன்னை அடையாளம் சொல்லிக்கொள்வதற்கான கிளையன்ட் ஐடி அது. 1997ஆம் வருட விதிப்படி சர்வர் தன் பதிலில் அதைத் திருப்பிச் சொல்லக் கூடாது. 2013 ஜனவரியில் ஆர்எஃப்சி 6842 வந்து அதைத் தலைகீழாக்கியது: சாதனம் சொல்லியிருந்தால் சர்வரும் திருப்பிச் சொல்ல வேண்டும். பழைய டிஹெச்சிபிடியில் இந்தப் புது நடத்தை இயல்பாக அணைந்திருக்கும். கீயாவில் இயல்பாக இயங்கும். கீயா செய்வதுதான் இன்றைய விதிக்குச் சரி. ஆனால் 2013க்கு முன்னால் செய்யப்பட்ட சில சாதனங்கள், எதிர்பாராத அந்த ஆப்ஷனைப் பார்த்ததும் பதிலையே ஏற்காமல் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும். சர்வரின் பதிவில் எல்லாம் சுபமாகத் தெரியும். கேட்டான், கொடுத்தேன், கேட்டான், கொடுத்தேன். கீயாவின் அமைப்பில் எக்கோ-கிளையன்ட்-ஐடி என்பதைப் பொய் என்று மாற்றினால் தீரும்.

விதியைச் சரியாகப் பின்பற்றுகிறவர் வரும்போது சிக்கல் வருவது இது முதல் தடவை இல்லை. விண்டோஸ் விஸ்டா வந்த காலத்தில் வேலை பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். எக்ஸ்பியில் ஓடிய இடத்தில் விஸ்டா கணினிக்கு மட்டும் முகவரி கிடைக்காது. "பதிலை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அனுப்பு" என்கிற பிராட்காஸ்ட் கொடியை விஸ்டா உயர்த்திக் கேட்டது. அது விதியில் உள்ளதுதான். பல ரவுட்டர்கள் அதுவரை அந்தக் கொடியைப் பார்த்ததே இல்லை, பதில் சொல்லத் தெரியவில்லை. மைக்ரோசாஃப்ட் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பை மாற்றச் சொல்லி வழிகாட்டியது. அப்போது சாதனப் பக்கம் மாறியது, இப்போது சர்வர் பக்கம் மாறுகிறது.

சாதனப் பக்கமும் சும்மா இல்லை. ஒரே உபுண்டுவை நகலெடுத்து ஆய்வகக் கணினிகள் அத்தனையிலும் போட்டிருப்பார்கள். புதிய உபுண்டு தன் மெஷின்-ஐடியிலிருந்து கிளையன்ட் ஐடியை உண்டாக்கும். நகல் எல்லாவற்றிலும் அது ஒன்றே என்பதால் அத்தனை கணினிகளும் ஒரே முகவரிக்கு வந்து நிற்கும். பழியெல்லாம் புது சர்வர்மேல் விழும். நகலெடுக்குமுன் மெஷின்-ஐடியைக் காலி செய்துவிட்டால் போதும். ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் கைபேசிகள் வைஃபைக்குப் பொய்யான மேக் முகவரி காட்டுகின்றன. மேக் முகவரியை நம்பி எழுதிய ஒதுக்கீடுகள் கைபேசிகளுக்கு இனி உதவாது.

பெயர்ப் பதிவு பற்றியும் ஒரு வார்த்தை. முகவரி கொடுத்ததும் டிஎன்எஸ்ஸில் பெயரையும் எழுதிவைக்கிற ஏற்பாடு சில இடங்களில் இருக்கும். பழையது, இது என் பதிவு என்று அடையாளம் காட்ட டிஎக்ஸ்டி பதிவு ஒன்றைப் பக்கத்தில் எழுதிவைப்பது வழக்கம். கீயா அந்த அடையாளத்துக்கு டிஹெச்சிஐடி என்ற வகையைத் தேடும். காணாவிட்டால், "இது வேறு யாருடையதோ" என்று தொடாமல் விட்டுவிடும். சாதனம் புது முகவரிக்குப் போயிருக்கும், பெயர் பழைய முகவரியையே காட்டும். மாற்றத்துக்கு முன் பழைய தானியங்கிப் பதிவுகளைத் துடைத்துவிடுவதே சுத்தமான வழி. பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால் 2023 நவம்பரில் கீயாவை விருப்பத் தேர்வாகக் கொண்டுவந்தபோது, இந்தப் பெயர்ப் பதிவு வசதி அதில் சேர்ந்திருக்கவில்லை. வெளியீட்டுக் குறிப்பில் எழுதியிருந்தார்கள். படிக்காமல் மாற்றியவர்கள், நேற்று வரை பெயரால் திறந்த பிரிண்டரை இன்று திறக்க முடியாமல் தேடினார்கள்.

அமைப்புக் கோப்பை மாற்றுவதற்குக் கீமா என்ற கருவியை ஐஎஸ்சியே கொடுக்கிறது. பழைய கோப்பைக் கொடுத்தால் கீயாவுக்கான ஜேசான் கோப்பாக்கித் தரும். மொழிபெயர்க்க முடியாத இடங்களில் குறிப்பு எழுதி வைக்கும். அந்தக் குறிப்புகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். அவைதான் நாளைக்கு வரப்போகிற தொலைபேசி அழைப்புகள். முக்கியமாக, பழையதில் "இப்படி வந்தால் இதைக் கொடு" என்று நிரல் மாதிரி எழுதிய நிபந்தனைகளும், முகவரி கொடுத்ததும் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டுகிற ஏற்பாடுகளும் அப்படியே வராது. முதலாவதைக் கிளையன்ட் கிளாஸாக மாற்றி எழுத வேண்டும், இரண்டாவதற்குத் தனி ஹூக்.

இரண்டு சர்வர் வைத்து ஒன்று விழுந்தால் இன்னொன்று என்று ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. பழையதின் ஃபெயில்ஓவரும் கீயாவின் ஹைஅவைலபிலிட்டியும் ஒன்றோடொன்று பேசாது. ஒன்றை மாற்றி, பழக்கிப் பார்த்து, பிறகு மற்றதை மாற்றலாம் என்ற வழி அடைபட்டிருக்கிறது. இரண்டையும் ஒரே இரவில் மாற்ற வேண்டும்.

அந்த இரவுக்கு எப்படித் தயாராவது? முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள். சம்பா, தாளடி அறுவடையாகி ஜனவரி கடைசியிலிருந்து நெல் குவிகிற நாட்களில் ஆலையிலோ கொள்முதலோடு தொடர்புள்ள அலுவலகத்திலோ கையை வைக்காதீர்கள். செப்டம்பர், அக்டோபரில் குறுவை அறுவடை நடக்கும்போதும் வேண்டாம். மேட்டூர் திறக்கிற ஜூன் 12க்கு முன்னால் ஏப்ரல், மே மாதங்களில் ஆலைகளுக்கு மூச்சுவிட நேரம் இருக்கும், பள்ளிகளுக்கும் விடுமுறை. வெயில் தாங்க வேண்டும், அவ்வளவுதான்.

நாள் குறித்தபின், இரண்டு மூன்று நாள் முன்னதாகப் பழைய சர்வரிலேயே லீஸ் நேரத்தைப் பத்து நிமிடமாகக் குறைத்துவிடுங்கள். பழைய நீண்ட லீஸ்கள் எல்லாம் புதுப்பிக்க வரும்போது குறுகியதாக மாறிக்கொள்ளும். மாற்றம் நடந்த பத்து நிமிடத்தில் யார் வந்தார், யார் வரவில்லை என்று அப்போதுதான் தெரியும். இல்லையென்றால் பிரச்சினை மறுநாள் மதியம், நீங்கள் கும்பகோணத்தில் வேறு வேலையில் இருக்கும்போதுதான் தலைகாட்டும்.

புது சர்வருக்குப் பழைய சர்வரின் ஐபியையே கொடுங்கள். லீஸில் பாதி நேரம் ஆனதும் சாதனம் புதுப்பிக்கக் கேட்பது, தனக்குக் கொடுத்த அந்தக் குறிப்பிட்ட சர்வரிடம் மட்டும்தான். அந்த ஐபியில் யாரும் இல்லையென்றால், நேரத்தில் எட்டில் ஏழு பங்கு கழியும்வரை காத்திருந்துவிட்டுத்தான் பொதுவில் கேட்கும். பழைய பெட்டியின் கேபிளைக் கழற்றியபின் புதியதைச் செருகுங்கள். இரண்டும் ஒரு நிமிடம்கூட ஒன்றாக நெட்வொர்க்கில் இருக்க வேண்டாம்.

அதற்கெல்லாம் முந்தைய வேலை ஒன்று உண்டு. ஒரு முழு நாள் பழைய சர்வரில் 67, 68 போர்ட்டுகளில் வருகிற எல்லாப் பொட்டலங்களையும் பிடித்து வைத்து உட்கார்ந்து படியுங்கள். பூட்பியில் கேட்பது யார், கிளையன்ட் ஐடி இல்லாமல் வருவது யார், விசித்திரமான ஆப்ஷன் கேட்பது யார் என்று எல்லாம் அதில் தெரிந்துவிடும். அதை ஒரு நோட்டில் எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். அந்த ஆலையில் நாளைக்கு அதைப் படிக்கப்போகிறவர் கணக்கப்பிள்ளை. எந்த முகவரி எந்த அறையில் எந்தப் பெட்டிக்கு என்று அவருக்குத் தெரிந்துவிட்டால், அடுத்த தடவை போனில் "87ஆம் நம்பர் கேமரா வரலை" என்பார். நான் போய்ச் சேருவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும்.

கடைசியாக, பழைய பெட்டியை என்ன செய்வது என்று எல்லோரும் கேட்கிறார்கள். சிலர் வட்டை அழித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவுப்படி, கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்களுக்கு வைத்திருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட நேரத்தில் இந்த முகவரி யாரிடம் இருந்தது என்று காவல்துறை கேட்டால், பதில் அந்தப் பழைய டிஹெச்சிபிடியின் பதிவில்தான் இருக்கும். கீயா எழுதுகிற பதிவின் வடிவமும் வேறு. பழைய வரிகளைத் தேடுவதற்கு எழுதிவைத்த ஸ்கிரிப்ட் புதியதில் ஒன்றையும் கண்டுபிடிக்காது. கீயாவில் இதற்கென்றே லீகல் லாக் என்ற ஹூக் உண்டு. முன்பு பணம் கட்டியவர்களுக்கு மட்டும் கிடைத்தது, 2025 ஜூனில் வந்த 3.0 வெளியீட்டோடு திறந்த மூலமாகிவிட்டது. அதை முதல் நாளே இணைத்துவிட்டு, பழைய வட்டைக் கழற்றி, மேலே தேதியை எழுதி, ஆறு மாதத்துக்கு ஆலையின் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள்.